மருந்து கரைந்த நீரும் பாசிக்குளமும்

கழிவுநீரைப் பாசியால் தூய்மையாக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்ற விடை 1950களிலேயே கிடைத்துவிட்டது. அதே நீரில் கரைந்திருக்கும் மருந்தையும் பாசி நீக்குமா என்ற கேள்வி அரை நூற்றாண்டு பிந்தியது. அதற்கு இன்றுவரை ஒரே விடை கிடையாது. நீக்கும் என்று ஒரு சாரார் எண்களைக் காட்டுகிறார்கள். வெயில் செய்யும் வேலையைப் பாசியின் கணக்கில் எழுதுகிறார்கள் என்று இன்னொரு சாரார் மறுக்கிறார்கள். பாக்டீரியாதான் உண்மையான உழைப்பாளி என்போரும் உண்டு. இந்த விடைகள் எங்கிருந்து பிறந்தன, எங்கே தளர்கின்றன என்பதைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றை மனத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மாத்திரை போகும் வழி

சங்கரன்கோவில் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி ராயகிரி. மருந்து ஆலைகளால் பேர்பெற்ற ஊரல்ல. வயலையும் குளத்தையும் நம்பிய ஊர். மருந்து மாசு என்றதும் ஐதராபாத்தின் ஆலைப் புகைபோக்கிகளை நினைத்துக்கொள்ளும் நமக்கு, இப்படிப்பட்ட ஊரை இந்தப் பேச்சில் இழுப்பது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் மருந்து ஆலை இல்லாத ஊர்கள் உண்டு. மருந்து சாப்பிடாத ஊர் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் சிற்றூர்களின் வீட்டு வாசலுக்கே வருகின்றன. உயிர்காக்கும் நல்ல ஏற்பாடு அது. அதைக் குறைக்கச் சொல்லும் எந்தச் சூழலியல் வாதமும் மனித விரோதமானது. உடம்புக்குள் போன மருந்து பிறகு எங்கே போகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை உடல் சிதைப்பதே இல்லை. உட்கொண்டது ஏறத்தாழ அப்படியே வெளியேறிவிடும். அமாக்சிசிலினின் பெரும்பகுதியும் மாறாமல் சிறுநீரில் இறங்குகிறது. கழிப்பறைக்குள் போன இவை செப்டிக் டேங்கில் தங்கி, அங்கிருந்து மண்ணுக்கோ ஓடைக்கோ கசிந்து, கடைசியில் ஏதேனும் ஒரு குளத்தைச் சேர்கின்றன.

சேரும் அளவு மிகச் சிறியது: ஒரு லிட்டருக்கு நானோகிராம் கணக்கில், சில இடங்களில் மைக்ரோகிராம் கணக்கில். அவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்ற ஐயத்துக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஒரு சோதனை பதில் வைத்திருக்கிறது. 2001 முதல் மூன்று ஆண்டுகள், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் ஓர் ஏரியில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களிடம் பெண் தன்மை தோன்றியது; அந்த ஏரியின் ஒரு சிறு மீனினம் ஏறக்குறைய அழிந்தே போனது. எல்லா மருந்தும் ஹார்மோனைப் போல வீரியமானதல்ல. ஆனாலும், நானோகிராம் என்பதாலேயே ஒன்றைத் தள்ளிவிட முடியாது என்பதை 2007இல் வெளியான இந்த ஆய்வு நிலைநாட்டியது.

குளத்திலிருந்து வந்த முதல் விடை

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்டும் ஹரால்ட் கோட்டாஸும் 1957இல் விளக்கிய கருத்து எளிமையானது. பாக்டீரியா கழிவைத் தின்று கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுவைப் பாசி எடுத்துக்கொண்டு, வெயிலின் துணையால் ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. பாக்டீரியாவுக்கு வேண்டியது அந்த ஆக்சிஜன்தான். மின்விசையால் காற்றை ஊதவேண்டிய வேலை பெருமளவு மிச்சம். ஆழம் குறைந்த, துடுப்புச் சக்கரத்தால் மெல்லச் சுழலவிடப்படும் ‘உயர்வேகப் பாசிக்குளம்’ இந்தக் கருத்திலிருந்து உருவானது.

வெயிலும் நிலமும் உள்ள இந்தியாவுக்கு இது பொருந்தும் என்று இங்கே உடனே உணர்ந்தார்கள். நாக்பூரில் இன்று நீரி என்று அழைக்கப்படும் நிறுவனத்திலிருந்து, ஆர்சிவாலா, அழகர்சாமி உள்ளிட்டோர் எழுதிய நிலைப்படுத்தும் குளங்களுக்கான வழிகாட்டி நூல் 1970இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுக்கோ பாசியியலில் இன்னும் பழைய உறவு உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னையில்தான் பணியாற்றினார். அவர் மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் எழுதிய நூலை உலகெங்கும் கையேடாகக் கொண்டார்கள். முருகப்பா செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி. சேஷாத்ரி, ஸ்பைருலினா வளர்ப்பைக் கிராமத்துத் தொட்டிகளுக்குக் கொண்டுவந்தார். 2006இல் ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஆலையொன்றின் அமிலக் கழிவுநீரைப் பாசியால் கையாளும் அமைப்பை, சென்னை விவேகானந்தா கல்லூரியின் வி. சிவசுப்பிரமணியனும் குழுவினரும் நிறுவினார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பாசிக்குளம் நமக்கு அயல் தொழில்நுட்பமல்ல. கைப்பழக்கமும் அறிவும் இங்கேயே இருக்கின்றன. ஆனால் இவற்றில் கழிவுநீரைச் சார்ந்த முயற்சிகள் அனைத்தும் கரிமக் கழிவு, நைட்ரஜன், பாஸ்பரஸ், அமிலத்தன்மை, கசடு ஆகியவற்றைக் குறிவைத்தவை. மருந்து அப்போது கேள்வியாகவே இருக்கவில்லை.

மருந்து கணக்கில் வந்த பிறகு

கேள்வியை மாற்றியது ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டான்சேரு. அங்கே ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சோதித்து, சுவீடனின் ஜோக்கிம் லார்சன் குழு 2007இல் முடிவை வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. மருந்து உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட, ‘சுத்திகரிக்கப்பட்ட’ நீரில் அந்த மருந்து அதிகமாக இருந்தது.

தமிழ்நாட்டு ஆறுகளும் தப்பவில்லை. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய மூன்றையும் ஆராய்ந்து பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாபு ராஜேந்திரன் குழுவினர் 2011இல் வெளியிட்ட கட்டுரை தென்காசி, திருநெல்வேலி வாசகர்கள் அறியவேண்டியது. சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்ட கிருமிக்கொல்லியான டிரைக்ளோசான் தாமிரபரணியில் சராசரியாக லிட்டருக்கு 944 நானோகிராம் இருந்தது. மற்ற இரு ஆறுகளில் இருந்ததைப்போல இது ஏறத்தாழப் பத்து மடங்கு. வலிப்பு நோய்க்கான கார்பமாசெபைன் காவிரியில் மட்டுமே தென்பட்டது. பின்னர் சென்னை ஐஐடியின் லிஜி பிலிப் குழுவினர் காவிரியை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, வலிநிவாரணிகள், இரத்த அழுத்த மருந்துகள், ஆன்டிபயாடிக்குகள் எனப் பலவும் கலந்திருப்பதை 2021இல் பதிவு செய்தார்கள். 104 நாடுகளின் 258 ஆறுகளை ஒரே முறையில் அளந்து 2022இல் வெளியான உலக ஆய்வில் மிகுதியாகத் தென்பட்டவை கார்பமாசெபைன், மெட்ஃபார்மின், காஃபின்.

பட்டான்சேருவும் காவிரியும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆலைக் கழிவில் மில்லிகிராம்; வீட்டுக் கழிவு சேரும் ஆற்றில் நானோகிராம். இடைவெளி பல்லாயிரம், சில நேரம் பல லட்சம் மடங்கு. பாசி பற்றிய பல குழப்பங்களின் வேர் இந்த இடைவெளியை மறப்பதுதான்.

பாசி செய்வது என்ன?

முதல் விளக்கம், பாசி மருந்தை ஒட்டவைத்துக்கொள்கிறது என்பது. கன உலோகங்களைப் பாசி பிடித்துவைக்கும் என்ற பழைய ஆய்வுகளிலிருந்து இது வந்தது. பாசிச் செல்லின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையது. நேர்மின்னேற்றமுள்ள, அல்லது நீரை வெறுக்கும் தன்மையுள்ள மூலக்கூறுகள் அதில் ஒட்டும். டெட்ராசைக்ளின் ஓரளவு ஒட்டுகிறது. ஆனால் இன்றைய மருந்துகளில் பல, உடலில் எளிதாகக் கரையவேண்டும் என்பதற்காகவே நீருடன் இணங்கும்படி ஆனவை, அவை ஒட்டுவதில்லை. ஒட்டியதும் அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அந்தப் பாசியை அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டால் மருந்து நீரிலிருந்து நிலத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது விளக்கம், பாசி மருந்தைச் சிதைக்கிறது என்பது. தென்கொரியாவில் சியோங், ஜியோன் ஆகியோரின் குழு செய்த ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. கிளாமிடோமோனாஸ் மெக்சிகானா என்ற பச்சைப்பாசி சிப்ரோஃப்ளாக்சசினில் 13 சதவீதத்தை மட்டுமே நீக்கியது. சோடியம் அசிடேட் சேர்த்தபோது அது 56 சதவீதமாக உயர்ந்தது. எளிதான உணவு கிடைத்தால் பாசியின் நொதிகள் முடுக்கம் பெற்று, மருந்தையும் கூடவே உடைக்கின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். அதே பாசி கார்பமாசெபைனில் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை. இந்த ஆய்வுகள் கவனமாகச் செய்யப்பட்டவை. ஆனால் ஆய்வகக் குடுவை கழிவுநீர் அல்ல. ஒரே பாசி, ஒரே மருந்து, தூய ஊடகம், நிலையான விளக்கொளி, லிட்டருக்கு மில்லிகிராம் அளவு எனச் சூழல் வேறு. பல்லாயிரம் மடங்கு நீர்த்த நிலையில் அதே நொதிகள் அதே வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்வது துணிச்சலான அனுமானம்.

மூன்றாவது விளக்கம் வெயிலைப் பற்றியது. சுவிட்சர்லாந்தின் கிரைஃபென்சே ஏரியில் டைக்ளோஃபெனாக் வெயில் பட்டே வேகமாகச் சிதைகிறது என்று 1998இல் காட்டினார்கள். டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஒளிபட்டால் உடையும். அப்படியானால் பாசி எதற்கு, ஆழமில்லாத தொட்டி போதாதா என்று கேட்பது நியாயமே. அதற்கு மறுமொழியும் உண்டு. பாசி வெளியிடும் கரிமப் பொருள்கள் ஒளியை வாங்கி, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கி, ஒளியால் நேரே உடையாத மருந்துகளையும் தாக்கக்கூடும். இன்னொரு பக்கம், அடர்ந்த பாசியே சில சென்டிமீட்டருக்குக் கீழே வெளிச்சம் போகாமல் தடுத்துவிடுகிறது. உதவியும் தடையும் ஒரே குளத்தில் நடப்பதால், வெயிலின் பங்கையும் பாசியின் பங்கையும் பிரித்துச் சொல்வது கடினமாகவே இருக்கிறது.

நான்காவது, பாக்டீரியாக் கட்சி. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பாசியே இல்லாத வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்திலும் நன்றாக நீங்குகின்றன. எனவே பாசிக்குளத்தில் அவை நீங்குவதைப் பாசியின் வெற்றி என்று கொண்டாட முடியாது என்பது இவர்கள் வாதம். எனக்கு இது நான்கிலும் வலுவானதாகப் படுகிறது. அதே வாதம் பாசிக்குச் சாதகமாகவும் திரும்பும்: பாக்டீரியாவுக்கு மின்செலவின்றி ஆக்சிஜன் தருவது பாசி. மருந்தைத் தானே தொடாவிட்டாலும், தொடுகிறவனுக்கு மூச்சு கொடுக்கிறது.

சதவீதங்களுக்குள் இருப்பவை

குடுவையை விட்டு வெளியே வந்த ஆய்வுகளில் முக்கியமானது பார்சிலோனாவில் மட்டமோரோஸ் குழு உயர்வேகப் பாசிக்குளங்களில் நடத்தி 2015இல் வெளியிட்டது. உண்மையான நகரக் கழிவுநீர், 26 சேர்மங்கள், நான்கு நாள், எட்டு நாள் தங்கவைப்பு, குளிர்காலமும் வெயில்காலமும். காஃபின், பாராசிட்டமால், இபுப்ரோஃபென் 90 சதவீதத்துக்கு மேல் நீங்கின. கீட்டோப்ரோஃபென், நாப்ராக்சென், டிரைக்ளோசான் 60 முதல் 90 வரை. டைக்ளோஃபெனாக் 40 முதல் 60 வரை. கார்பமாசெபைன் 30 சதவீதத்துக்கும் கீழே. நெதர்லாந்தில் டி வில்ட் குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வு, மனிதச் சிறுநீரிலும், காற்றில்லாச் செரிப்புக்கு உட்பட்ட கழிப்பறை நீரிலும் குளோரெல்லா என்ற பச்சைப்பாசியை வளர்த்தது. அங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், பாராசிட்டமால், மெட்டோப்ரோலால் 60 முதல் 100 சதவீதம் வரை நீங்கின, கார்பமாசெபைன் நீக்கம் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. பாசியில் ஒட்டியது 20 சதவீதத்துக்கும் குறைவு.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ‘பாசி மருந்தை நீக்குமா’ என்ற கேள்வியே பிழையாக வைக்கப்பட்டது. எந்த மருந்து, எந்த நீர், எத்தனை நாள், எந்தப் பருவம் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு. செய்தித்தாளில் ‘90 சதவீதம் நீக்கம்’ என்று வரும்போது அது பாராசிட்டமாலா, கார்பமாசெபைனா என்று வாசகர் கேட்க வேண்டும்.

சதவீதத்துக்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் மறைந்திருக்கின்றன. மூல மருந்து காணாமல் போவதும் நீர் நஞ்சற்றதாவதும் ஒன்றல்ல. சிதைந்த துண்டுகள் சில மூலத்தைப் போலவே செயல்படலாம். அடுத்தது ஆவியாதல். வெப்பநாட்டுக் குளத்தில் உள்ளே வந்த நீர் முழுதும் வெளியே போவதில்லை. நீர் குறைந்தால் எஞ்சிய மருந்தின் செறிவு கூடும். இதைத் திருத்தாமல் ஐரோப்பிய எண்களை நம் கோடைக்கு ஒப்பிட்டால் கணக்கு பிசகும்.

ஆன்டிபயாடிக் என்னும் தனிச் சிக்கல்

ஆன்டிபயாடிக்கை மற்ற மருந்துகளோடு ஒரே பட்டியலில் வைப்பது தவறு. நாம் பாசி என்று அழைத்தாலும் நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா இனம். பச்சைப்பாசி தாங்கும் அளவைவிட மிகக் குறைந்த ஆன்டிபயாடிக்கே அதன் வளர்ச்சியை முடக்கிவிடும். ஸ்பைருலினாவும் இந்த இனமே. தமிழ்நாட்டின் பாசி அனுபவத்தில் பெரும்பகுதி நீலப்பச்சைப் பாசிகளோடு ஏற்பட்டது என்பதால், அந்த அனுபவத்தை இந்த நீருக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது.

மருந்தை எதிர்க்கும் கிருமிகள் இதைவிடப் பெரிய கவலை. பாசிக்குளத்தில் பகல் நேரத்தில் காரத்தன்மை ஏறுகிறது, வெயில் விழுகிறது. நோய்க்கிருமிகள் பல மடிகின்றன. அதேசமயம், குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கும் அடர்ந்த பாக்டீரியாக் கூட்டமும் பல நாள் ஒன்றாகத் தங்கும் இடமும் அதுவே. எதிர்ப்பு மரபணுக்கள் கைமாற ஏற்ற சூழல். இரண்டில் எது மேலோங்கும் என்பதில் ஆய்வுகள் உடன்படவில்லை.

சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு விதிக்கும் வரைவை ஒன்றிய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இல்லை. வரம்பே இல்லாத இடத்தில், பாசியோ வேறெந்த முறையோ வெற்றிபெற்றதா என்று எதை வைத்து அளப்பது? ஆலைக் கழிவைப் பொறுத்தவரை பாசியைத் தீர்வாகப் பேசுவதே பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழிவிடும் என்பது என் கருத்து. அதை ஆலையின் வாயிலுக்குள்ளேயே தடுக்க வேண்டும்.

ஓசோனா, கரியா, பாசியா

பணக்கார நாடுகள் வேறு வழியைத் தேர்ந்துகொண்டன. சுவிட்சர்லாந்து 2016 முதல் சட்டப்படி பெரிய நிலையங்களில் ஓசோனையோ கிளர்வூட்டிய கரியையோ சேர்த்துவருகிறது. கார்பமாசெபைனும் இவற்றுக்கு அடங்கும். 2025இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நெறிமுறை இந்த நான்காம் கட்டச் சுத்திகரிப்பைப் பெரிய நகரங்களுக்குப் படிப்படியாக 2045க்குள் கட்டாயமாக்குகிறது. செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, ஒப்பனைப் பொருள் உற்பத்தியாளர்களே ஏற்கவேண்டும் என்கிறது. மருந்துத் தொழில் இதைக் கடுமையாக எதிர்க்கிறது. விற்றவரிடம் சுத்திகரிப்புச் செலவைக் கேட்கும் இந்தக் கொள்கை தொழில்நுட்பத்தைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன்.

ஓசோனுக்கு மின்சாரமும் தேர்ந்த பணியாளரும் வேண்டும். பாசிக்கு நிலம் வேண்டும். பத்தாயிரம் பேர், ஆளுக்கு 100 லிட்டர் கழிவுநீர் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 1000 கன மீட்டர். 30 சென்டிமீட்டர் ஆழக் குளத்தில் ஆறு நாள் நிற்க 20,000 சதுர மீட்டர், ஏறத்தாழ ஐந்து ஏக்கர் தேவை. நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 100 கன மீட்டர், அதாவது வரத்தில் பத்தில் ஒரு பங்கு, காற்றோடு போய்விடும். சென்னைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மலையடிவாரப் பேரூராட்சிக்கு எட்டாததல்ல.

ராயகிரி போன்ற ஊர்களுக்கு என்ன பொருந்தும்?

நிலம் கிடைத்தாலும் கழிவுநீர் ஒரே இடத்துக்கு வந்தால்தானே குளம்? தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க், அதை உறிஞ்சும் லாரி, தெருவோரச் சாக்கடை ஆகியவையே ஏற்பாடு. 2014இல் மாநில அரசு கசடு மேலாண்மை வழிகாட்டுதலை வெளியிட்டது. கருங்குழியில் தொடங்கிப் பல ஊர்களுக்கு மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. லாரிகள் வந்து கொட்டும் அந்த நிலையங்களில் கசட்டிலிருந்து பிரியும் நீர் செறிவானது, காற்றில்லாமல் செரித்தது, அளவில் குறைவு. நெதர்லாந்து ஆய்வு பயன்படுத்திய நீருக்கு இது ஓரளவு நெருக்கமானது. பாசிக்கு நம்மிடம் உண்மையான இடம் ஏதேனும் இருக்குமானால் அது இந்த நிலையங்களின் கடைசிக் கட்டமாக இருக்கலாம். அம்மோனியா மிகுந்தால் பாசியே நலியும். கலங்கிய நிறம் ஒளியைத் தடுக்கும். ஆகவே நீர்க்கச் செய்து, சோதித்துப் பார்த்தே இறங்க வேண்டும்.

ஒரு தவறான முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஊர்க்குளத்தில் கழிவுநீர் சேர்ந்து பாசி படர்ந்தால் அது சுத்திகரிப்பு அல்ல. கட்டுப்பாடின்றிப் பெருகும் நீலப்பச்சைப் பாசிகளில் சில தாமே நஞ்சு சுரக்கும். இரவில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். பாசிக்குளம் என்பது ஆழம், தங்கும் நாள், கலக்கும் வேகம், அள்ளும் முறை எல்லாம் வகுத்து நடத்தப்படும் அமைப்பு. பாசனக் குளத்துக்கு அந்த வேலையைச் சுமத்த முடியாது.

தீராத கேள்விகள்

எஞ்சியிருப்பவற்றில் மூன்று முக்கியமானவை. சிதைந்த துண்டுகளின் நச்சுத்தன்மை முழுதாக அறியப்படவில்லை. அள்ளிய பாசியை எரிப்பதா, எரிவாயுவாக்குவதா, உரமாக்குவதா என்பதில் தெளிவில்லை. உரமாக்கலாம் என்று சொல்லும் திட்டங்கள் பாசியில் உள்ள மருந்தை அளந்து காட்டிய பிறகே அப்படிச் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கோடையில் கிடைத்த எண்கள் வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டத்திலும் சித்திரை வெயிலிலும் எப்படி மாறும் என்பது இங்கேயே அளக்கப்பட வேண்டியது.

இப்போதைக்கு இவ்வளவு சொல்லலாம். கரிமக் கழிவையும் ஊட்டப்பொருள்களையும் குறைத்து, எளிதில் சிதையும் மருந்துகளையும் கூடவே குறைக்கும் மலிவான முறையாகச் சிறிய ஊர்களில் பாசிக்குளம் ஆதரிக்கத்தக்கது. கார்பமாசெபைன் போன்றவற்றுக்கு அது விடையல்ல. ஆன்டிபயாடிக்குக்கு விடையா இல்லையா என்று இன்னும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் அடுத்து எந்தப் பேரூராட்சியில் பாசிக்குளம் வெட்டப்பட்டாலும், மெட்ஃபார்மின், டைக்ளோஃபெனாக், சிப்ரோஃப்ளாக்சசின், கார்பமாசெபைன் ஆகிய நான்கையும் உள்ளே வரும் நீரிலும், வெளியேறும் நீரிலும், அள்ளிய பாசியிலும் மழைக்காலத்துக்கு ஒருமுறை, கோடைக்கு ஒருமுறை அளந்து, அந்த முடிவை ஊர் மக்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். அந்த அளவீட்டுக்குத் திட்டச் செலவிலேயே பணம் ஒதுக்காத எந்த முன்மொழிவையும் மருந்து நீக்கும் திட்டம் என்று ஏற்கக் கூடாது.